சிறுநீர் சிவந்தால் பயம் வேண்டாம்... கண் மஞ்சளானால் தாமதம் வேண்டாம்!

"சிஸ்டர், அப்பாவுக்கு ஒண்ணுக்குப் போறப்ப ரத்தமா போகுது. காலையில போட்ட மாத்திரைதான் காரணம்னு அம்மா சொல்றாங்க. நிறுத்திடட்டுமா?"

அரசு மருத்துவமனைகளின் காசநோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர்களுக்கும் சுகாதாரப் பார்வையாளர்களுக்கும் இந்தப் பதற்றக் குரல் நன்றாகப் பழக்கமானது. ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒரு குடும்பத் தலைவரை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மாதமாக இருமல். சாயங்காலம் ஆனால் லேசான காய்ச்சல். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. சளிப் பரிசோதனையில் டி.பி என்று வந்தது. முதல் நாள் காலையில் மாத்திரை போட்டார். மதியம் பாத்ரூமில் பார்த்தால் சிறுநீர் செக்கச்செவேல் என்று போகிறது. முகம் துடைத்த வெள்ளைத் துண்டிலும் ஆரஞ்சுக் கறை. வீடே கலங்கிவிட்டது.

"அது ரத்தம் இல்லம்மா, மாத்திரையோட கலர். பயப்படாம நாளைக்கும் போடச் சொல்லு" என்பார் சிஸ்டர். போனை வைக்கும் முன் இன்னொன்றும் கேட்பார். "அப்பாவோட கண்ணு வெள்ளையா இருக்கா, மஞ்சளா இருக்கா?" ஆறு மாத சிகிச்சையில் அந்த வீடு மறக்கக் கூடாத கேள்வி அதுதான்.

சிவப்புக்குக் காரணம் ரிஃபாம்பிசின். காசநோய்க்குத் தரப்படும் கூட்டு மாத்திரையில் உள்ள நான்கு மருந்துகளில் ஒன்று. பொடியாக இருக்கும்போதே அது செங்கல் நிறம். உடலை விட்டு வெளியேறும்போது சிறுநீர், வியர்வை, எச்சில், கண்ணீர் என எல்லாவற்றுக்கும் அந்த நிறத்தைக் கொடுத்துவிட்டுப் போகும். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் அடர்த்தியாக இருந்து, நேரம் ஆக ஆக வெளுக்கும். மென்மையான கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் மட்டும் சிகிச்சை முடியும்வரை கண்ணாடிக்கு மாறிக்கொள்வது நல்லது. லென்ஸில் ஏறிய கறை போகவே போகாது. நோயாளியைப் பயமுறுத்தும் இந்த நிறம் மருத்துவ ஊழியர்களுக்கு உண்மையில் ஓர் உதவி. மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

மண்ணிலிருந்து வந்த மருந்து

இந்த மருந்தின் கதை பிரான்ஸின் தெற்குக் கடற்கரையில் தொடங்குகிறது. 1957-ல் அங்கே ஒரு பைன் மரக் காட்டிலிருந்து எடுக்கப்பட்ட மண், இத்தாலியின் மிலான் நகரில் இருந்த லெபெட்டிட் நிறுவனத்தின் ஆய்வகத்துக்கு வந்தது. அந்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியா, மற்ற பாக்டீரியாக்களைக் கொல்லும் பொருளைச் சுரந்தது. பியரோ சென்சியும் அவருடைய குழுவினரும் அதைப் பிரித்தெடுத்தார்கள். அப்போது பிரபலமாக இருந்த 'ரிஃபிஃபி' என்ற பிரெஞ்சுத் திரைப்படத்தின் பெயரையே செல்லப் பெயராக வைத்தார்கள். அதுதான் பின்னால் ரிஃபாமைசின் ஆனது. மாத்திரையாக விழுங்கத் தோதாக அதை மாற்றியமைத்து 1965-ல் ரிஃபாம்பிசினை உருவாக்கினார்கள். 1968-ல் இத்தாலியில் விற்பனைக்கு வந்தது.

அதற்கு முன்பு காசநோய் சிகிச்சை என்றால் ஒன்றரை வருடம், இரண்டு வருடம். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, வயிற்றைப் புரட்டும் பி.ஏ.எஸ் மருந்து என்று நோயாளிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ரிஃபாம்பிசினும் பைரசினமைடும் சேர்ந்த பிறகுதான் அது ஆறு மாதமாகச் சுருங்கியது. ஆறு மாதம் நீளம் என்று அலுத்துக்கொள்பவர்கள் தாத்தா காலத்தை நினைத்துப் பார்க்கலாம்.

முதல் இரண்டு மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புட்டால் ஆகிய நான்கும் ஒரே மாத்திரையில். அடுத்த நான்கு மாதம் பைரசினமைடு மட்டும் போய், மற்ற மூன்றும் தொடரும். நுரையீரல் காசநோய்க்கு வழக்கமாகத் தரப்படுவது இது. எலும்பு, மூளை போன்ற இடங்களில் வந்தால் சிகிச்சை இன்னும் நீளும். எத்தனை மாத்திரை என்பதை முடிவு செய்வது வயதல்ல, எடை. அரசுத் திட்டத்தின்படி 35 முதல் 49 கிலோ வரை உள்ளவருக்குத் தினமும் 3 மாத்திரை, 50 முதல் 64 கிலோ வரை 4 மாத்திரை. சாப்பாடு பிடித்து எடை ஏறினால் எண்ணிக்கையும் மாறக்கூடும். ஆகவே ஒவ்வொரு முறை போகும்போதும் எடை பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு மூன்றுதானே கொடுத்தார்கள் என்று ஒன்றைக் குறைப்பதெல்லாம் ஆகாத வேலை.

வெறும் வயிறும் ஒரு டம்ளர் தண்ணீரும்

ரிஃபாம்பிசின் சாப்பாட்டோடு சேர்ந்து உள்ளே போனால் ரத்தத்தில் கலக்கும் அளவு குறையும். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து என்பது கணக்கு. காலையில் எழுந்து பல் விளக்கியதும், டீக்கு முன்னால் போடுவது பெரும்பாலோருக்குச் சுலபம். நாலு மாத்திரையையும் ஒரே வேளையில், தண்ணீரில் போட வேண்டும். காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு என்று பிரிக்கக் கூடாது. ரத்தத்தில் மருந்து ஒரே நேரத்தில் உச்சத்துக்கு ஏறினால்தான் கிருமிக்கு அடி பலமாக விழும்.

சிலருக்கு வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். முதல் வாரத்தில் இது சகஜம். இரண்டு இட்லி, கொஞ்சம் கஞ்சி என லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார். குமட்டலுக்குப் பயந்து மாத்திரையையே விடுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் வயிற்றெரிச்சலுக்கு வாங்கும் பிங்க் நிற சிரப்பை இதோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது. அது ரிஃபாம்பிசினை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். மாத்திரை போட்டுக் குறைந்தது ஒரு மணி நேரமாவது போக வேண்டும்.

மீன் சாப்பிடுபவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. கூட்டு மாத்திரையில் உள்ள ஐசோனியாசிட்டுக்கும் சூரை மீனுக்கும் ஆகாது. ஐஸில் சரியாக வைக்காத சூரையைத் தின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். மீனே வேண்டாம் என்பதில்லை. புரதம் வேண்டும்தான். சிகிச்சை முடியும்வரை சூரைக்கு மட்டும் விடுமுறை.

கல்லீரல் கொடுக்கும் சிக்னல்

இப்போது சிஸ்டரின் இரண்டாவது கேள்விக்கு வரலாம். நான்கு மருந்துகளில் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்றும் கல்லீரலைத் தொந்தரவு செய்யக்கூடியவை. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு சிலருக்கு, அதிலும் முதல் இரண்டு மாதங்களில், கல்லீரல் வீங்கிப் பாதிக்கப்படும். வயதானவர்கள், மது குடிப்பவர்கள், ஏற்கெனவே மஞ்சள்காமாலை வைரஸ் உடம்பில் உள்ளவர்கள், உடல் மெலிந்தவர்கள் அதிகக் கவனமாக இருக்க வேண்டும்.

கல்லீரல் திடீரென்று மக்கர் செய்வதில்லை. முதலில் பசி போகும். தாளிக்கிற வாசனையே பிடிக்காது. வாந்தி, வலது பக்க மேல் வயிற்றில் வலி, காரணமில்லாத அசதி, உடம்பெல்லாம் அரிப்பு. அதன் பிறகு கண் மஞ்சளாகும். சாதாரணமாக மஞ்சள்காமாலையை முதலில் காட்டிக்கொடுப்பது அடர்ந்த நிறச் சிறுநீர்தான். இங்கே அந்த அடையாளம் உதவாது. மாத்திரை ஏற்கெனவே சிறுநீரைச் சிவப்பாக்கிவிட்டது. அதனால்தான் கண்ணைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாத்திரையால் கண்ணீர் ஆரஞ்சாகலாம். வெள்ளை விழி மஞ்சளாகாது. ராத்திரி மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பார்த்துப் பிரயோஜனமில்லை. பகலில், வாசலில் நிற்க வைத்து, கீழ் இமையை இழுத்துப் பார்க்க வேண்டும்.

கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ, சாப்பாடே இறங்காமல் தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திங்கட்கிழமை ஓ.பி-க்குப் போகலாம் என்று சனிக்கிழமை முடிவெடுக்கக் கூடாது. அங்கே ரத்தப் பரிசோதனை செய்து, கல்லீரல் தேறும்வரை மாத்திரைகளை நிறுத்திவைப்பார்கள். பிறகு ஒவ்வொரு மருந்தாகத் திரும்பத் தருவார்கள். சிகிச்சை அத்தோடு முடிந்துபோவதில்லை.

நம் ஊரில் நடக்கும் பெரிய விபரீதம் வேறு. கண் மஞ்சளானதும், "காமாலை வந்திருக்கு" என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள், அல்லது மருந்து ஊற்றுகிற ஊருக்குப் பஸ் ஏறுவார்கள். டி.பி மாத்திரையையும் விடாமல் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், நிறுத்தக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களே என்று. இரண்டுமே அக்கறையில் செய்வதுதான். காமாலைக்குக் காரணமான மருந்து தினமும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்போது பத்தியத்தால் என்ன பயன்? சில நாள் தாமதம்கூட உயிருக்கு ஆபத்தாகலாம்.

மது விஷயத்தில் இன்னொரு வகைத் தப்பு நடக்கிறது. 'மாத்திரை போட்டால் குடிக்கக் கூடாது' என்று சொன்னதை, 'குடிக்கிற நாளில் மாத்திரை போடக் கூடாது' என்று புரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். சனி, ஞாயிறு சரக்கு. திங்கள் முதல் வெள்ளி மாத்திரை. கல்லீரலும் கெடும், கிருமியும் சாகாது. குடிப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டால் அதற்கேற்பப் பரிசோதனைகளை அடிக்கடி செய்வார். பழக்கத்திலிருந்து மீளவும் வழி காட்டுவார். இதைச் சொல்ல வெட்கப்பட்டு ஆறு மாதமும் ஏமாற்றுவதில் யாருக்கும் லாபமில்லை.

மற்ற மூன்று மருந்துகளுக்கும் தனித்தனி அடையாளம் உண்டு. கை, கால் மதமதப்பு என்றால் ஐசோனியாசிட். அதற்காகத்தான் கூடவே பி6 வைட்டமின் மாத்திரை தருகிறார்கள். மூட்டு வலி என்றால் பைரசினமைடு. பார்வை மங்குவது, சிவப்பும் பச்சையும் குழம்புவது என்றால் எத்தாம்புட்டால். கடைசியாகச் சொன்னதை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மற்ற மாத்திரைகளோடு மல்லுக்கட்டு

ரிஃபாம்பிசினுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. அதைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நாம் சாப்பிடும் பல மருந்துகளைக் கல்லீரல்தான் உடைத்து வெளியேற்றுகிறது. ரிஃபாம்பிசின் உள்ளே போனதும் கல்லீரல் அந்த வேலையை வேகவேகமாகச் செய்ய ஆரம்பிக்கும். மற்ற மாத்திரைகள் தங்கள் வேலையைச் செய்வதற்குள் துடைத்தெறியப்பட்டுவிடும். மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் பலன் இல்லை என்ற நிலை.

கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு இது முக்கியம். ரிஃபாம்பிசின் சாப்பிடும் காலத்தில் அந்த மாத்திரையை நம்ப முடியாது. காப்பர்-டி, ஆணுறை போன்ற வழிகளுக்கு மாற வேண்டும். காசநோய் மாத்திரையை முடித்த பிறகும் நான்கு வாரங்கள் வரை இந்த எச்சரிக்கை தேவை. கூட்டம் நிறைந்த ஓ.பி-யில், மாமியார் பக்கத்தில் நிற்க, ஓர் இளம் பெண் இதை எப்படிக் கேட்பார்? மருத்துவரோ செவிலியரோ தனியாக அழைத்துப் பேசுவதுதான் முறை. அவர்கள் மறந்தாலும், "சிஸ்டர், ஒரு நிமிஷம் தனியா பேசணும்" என்று கேட்பதில் தப்பே இல்லை. ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தாலும், பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் காசநோய் சிகிச்சையை நிறுத்த வேண்டியதில்லை. மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சர்க்கரை நோயாளிகள் இந்தப் பட்டியலில் அடுத்து வருகிறார்கள். காசநோயே சர்க்கரையை ஏற்றும். அதோடு கிளிமெப்பிரைடு போன்ற மாத்திரைகளின் பலத்தை ரிஃபாம்பிசின் குறைத்துவிடும். இனிப்பே தொடவில்லை, ஆனாலும் சர்க்கரை 300-ஐத் தாண்டுகிறது என்று குழம்பவேண்டாம். அளவைக் கூட்டுவதா, கொஞ்ச நாள் இன்சுலினுக்கு மாறுவதா என்று மருத்துவர் முடிவு செய்வார். இதய வால்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், எச்.ஐ.வி மருந்து எடுப்பவர்கள், தைராய்டு மாத்திரை போடுபவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான். எச்.ஐ.வி-க்குத் தரும் டொலுடெக்ரவிர் மாத்திரையை இந்தக் காலத்தில் தினமும் ஒன்றுக்குப் பதில் இரண்டு வேளையாகத் தருவது இதனால்தான்.

பலரும் கோட்டை விடுவது ஆறு மாதம் முடியும் இடத்தில். ரிஃபாம்பிசினை நிறுத்தியதும் கல்லீரல் சுமார் இரண்டு வாரத்தில் பழைய வேகத்துக்குத் திரும்பும். அப்போது, கூட்டிவைத்த சர்க்கரை மாத்திரையும் வார்ஃபரினும் அளவுக்கு மீறி வேலை செய்ய ஆரம்பிக்கும். சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ரத்தக் கசிவு ஏற்படும். எனவே காசநோய் மாத்திரை முடிகிற தேதியை, சர்க்கரை மருத்துவருக்கும் இதய மருத்துவருக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். முதல் நாள் போகும்போதே வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போய் மேசையில் கொட்டிவிடுவது நல்ல யோசனை. சூரணம், லேகியம் உட்பட.

விட்டுவிட்டுப் போட்டால்...

ஒரு நாள் மறந்துவிட்டால்? அன்றைக்கே ஞாபகம் வந்தால் போட்டுவிடலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் அன்றைய அளவை மட்டும் போட வேண்டும். நேற்றையதையும் சேர்த்து எட்டு மாத்திரை விழுங்கக் கூடாது.

பல நாள் விட்டுவிட்டுத் தானாகத் திரும்ப ஆரம்பிப்பதில் வேறொரு ஆபத்து இருக்கிறது. இடைவெளி விட்டு ரிஃபாம்பிசின் சாப்பிடும்போது சிலருடைய உடம்பு அதை எதிரியாகப் பார்க்கத் தொடங்கும். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், உடம்பு வலி என்று ஃப்ளூ போல வரும். அரிதாக, ரத்தத்தட்டுகள் குறைந்து ஈறில் ரத்தம் கசியும், தோலில் ஊதாப் புள்ளிகள் தோன்றும். சிறுநீரகமே செயலிழந்த சம்பவங்களும் மருத்துவ நூல்களில் உண்டு. ஊருக்குப் போனேன், மாத்திரை எடுத்துப் போகவில்லை என்று பத்து நாள் விட்டிருந்தால், வெட்கப்படாமல் மருத்துவமனைக்குப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும்.

மருந்து பழகிய கிருமி அடுத்த பிரச்னை. காசநோய்க் கிருமி சோம்பேறி. ஒன்று இரண்டாகப் பெருக முக்கால் நாளுக்குமேல் எடுத்துக்கொள்ளும். ஒரு மாதத்தில் இருமல் நின்று, கன்னத்தில் சதை போட்டதும் நோயாளி குணமாகிவிட்டதாக நினைப்பார். ஆனால் பதுங்கிய கிருமிகள் உள்ளேதான் இருக்கும். அந்த நேரத்தில் மருந்து அரைகுறையாகக் கிடைத்தால், ரிஃபாம்பிசினுக்கு மசியாத கிருமிகள் மட்டும் பிழைத்துப் பெருகும். அதன் பிறகு வேறு மருந்துகள், கடுமையான பக்க விளைவுகள், சிலருக்கு ஒன்றரை வருடத்துக்கும் மேல் சிகிச்சை. அதே கிருமி இருமலில் வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவும். சிகிச்சையின் தொடக்கத்திலேயே சளியில் ஜீன் எக்ஸ்பர்ட் அல்லது ட்ரூநாட் சோதனை செய்து, ரிஃபாம்பிசின் அந்தக் கிருமியிடம் வேலை செய்யுமா என்று பார்ப்பது இதற்குத்தான். மெடிக்கல் ஷாப்பில் மீதமிருந்த பழைய சீட்டைக் காட்டி ரிஃபாம்பிசினைத் தனியாக வாங்கிச் சாப்பிடுவதும் இதே கிணற்றில்தான் தள்ளும்.

மாத்திரையை அருகில் இருந்து பார்த்துக் கொடுக்க ஒருவர் வேண்டும் என்பதைச் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம்தான் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) சானடோரியத்தில் படுக்க வைக்காமல், ஓட்டு வீட்டிலும் குடிசையிலும் வைத்தே நோயைக் குணப்படுத்த முடியும் என்று உலகத்துக்குக் காட்டியது. அப்போதே ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள். படித்தவர், படிக்காதவர் என்றில்லாமல் எல்லோருமே மறப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே ஆய்வு இன்னொரு பயத்தையும் போக்கியது. வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களால் குடும்பத்தினருக்குக் கூடுதலாக நோய் பரவவில்லை. தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. இந்தக் கிருமி காற்றில்தான் பரவும். ஜன்னலைத் திறந்துவைத்து, முதல் சில வாரங்கள் முகக்கவசம் போட்டு, இருமும்போது வாயை மூடினால் போதும். தட்டைத் தனியாக வைத்த வீடுகளில் நோயாளி மாத்திரையையும் ஒளித்து ஒளித்துத்தான் சாப்பிடுவார். ஒளித்துச் சாப்பிடும் மாத்திரைதான் முதலில் மறந்துபோகும்.

மாத்திரை இலவசம். சத்துணவுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். சிகிச்சைக் காலம் முழுக்க வங்கிக் கணக்கில் வரும். தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவரும், அரசுப் பதிவேட்டில் பெயர் ஏறியிருந்தால் இதைப் பெறலாம். சந்தேகம் என்றால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். அந்தப் பணம் முட்டைக்கும் பயறுக்கும் நிலக்கடலைக்கும் போக வேண்டியது. கேபிள் டி.வி பாக்கிக்குப் போகிற வீடுகளும் உண்டு.

அந்த ஷேர் ஆட்டோக்காரர் வீட்டில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தினசரி காலண்டர் தொங்குகிறது. காலையில் அவர் மாத்திரை போட்டதும், முந்தின நாள் தாளைக் கிழிப்பது மகளின் வேலை. தாள் கிழியாமல் இருந்தால் மாத்திரை போடவில்லை என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் நிற்க வைத்துக் கண்ணைப் பார்ப்பது மனைவியின் வேலை. இரண்டாவது மாதம் வீட்டில் உள்ளவர்களையும் பரிசோதனைக்கு அழைத்தார்கள். மகளுக்கு நோய் இல்லை. வராமல் தடுக்க வாரம் ஒரு முறை, 12 வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். அதில் ரிஃபாம்பிசினின் நெருங்கிய உறவான ரிஃபாபென்டின் இருக்கிறது. முதல் வாரம் போட்ட அன்று மதியம் அவளுக்கும் சிறுநீர் சிவந்தது. இந்த முறை சிஸ்டருக்கு யாரும் போன் செய்யவில்லை. அம்மாதான் அவளை வாசலுக்குக் கூப்பிட்டார். "எங்க, கண்ணைக் காட்டு."